போலீஸ் வேலைக்கு ஓடும் பிள்ளைகளும் எங்கள் தெருத் திருட்டும்

காவலர் தேர்வு அறிவிப்பு வந்தாலே எங்கள் நகர் வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது ஒருவர் அந்தச் செய்தியைப் பகிர்ந்து "இனிமேலாவது நம்ம ஏரியாவுக்கு ரோந்து வரும்" என்று எழுதுவார், கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் விழும். வராது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் அண்ணன் மகன் அந்தத் தேர்வுக்குத்தான் படிக்கிறான், கடலூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பான், அவன் புண்ணியத்தில் அந்த வேலையின் உள்விவரம் எனக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் சொல்கிறேன்.

2023-ல் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் 3,359 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. எண்ணிக்கையைக் கேட்டால் ஸ்டேஷனுக்கு ரெண்டு பேராவது வருவார்கள் என்றுதான் தோன்றும். பிரித்துப் பாருங்கள்: 674 பேர் தீயணைப்புத் துறைக்கு, 86 பேர் சிறைக் காவலர்கள், 1,819 பேர் சிறப்புக் காவல் படைக்கு, 780 பேர் ஆயுதப்படைக்கு. காவல் நிலையம் என்ற பேச்சே அதில் இல்லை. தேர்வாகி ஏழு மாதப் பயிற்சி முடிக்கிற பையன் முதலில் போவது பட்டாலியனுக்கு, அதாவது சிறப்புக் காவல் படை அணிக்கு. அங்கே சில வருஷம், அப்புறம் ஆயுதப்படை, அங்கேயும் சில வருஷம், அதற்குப் பிறகுதான் 'தாலுகா' என்று அவர்கள் சொல்கிற உள்ளூர் ஸ்டேஷன். இன்றைக்கு ஓடுகிற பையன் எங்கள் தெருமுனைக்கு வந்து நிற்கும்போது அவனுக்குக் கல்யாணமாகி பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். அதுவும் இதே மாவட்டத்தில்தான் இருப்பான் என்று சொல்ல முடியாது.

ஓடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனீர்கள் என்றால் வாக்கிங் வருகிறவர்களைவிட இந்தப் பிள்ளைகள்தான் அதிகம். மணலில் ஓடுவார்கள், மணலில் ஓடிப் பழகினால் தரையில் கால் லேசாக இருக்கும் என்று கணக்கு. அப்புறம் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கம், உடல்தகுதித் தேர்வு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும் என்பதால் அந்த மைதானத்தின் மண்ணையே கால் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று அங்கே ஒரு கூட்டம். ஆண்களுக்கு 1,500 மீட்டர் ஏழு நிமிஷத்துக்குள், பெண்களுக்கு 400 மீட்டர் இரண்டரை நிமிஷத்துக்குள். அதைத் தாண்டினால் கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது, 100 மீட்டர் என்று அடுத்த கட்டம், அதில் 'ஒன் ஸ்டார்', 'டூ ஸ்டார்' என்று மதிப்பெண். கயிற்றில் ஐந்து மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், ஆறு மீட்டர் ஏறினால் ரெண்டு ஸ்டார். கடைசி ஒரு மீட்டருக்காக உள்ளங்கைத் தோல் உரிந்து, மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த அண்ணன் மகனுக்கு அவன் பாட்டி ஊட்டிவிட்டார். இருபத்திரண்டு வயது.

உயரம்தான் கொடுமை. பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்றால் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பட்டியல் சமூகத்தவருக்கு 167. ராத்திரி முழுக்கப் படுத்திருந்து எழுந்தவுடன் உயரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நேரம் ஆக ஆகக் குறையும் என்பதால் தூரத்து ஊர்ப் பிள்ளைகள் வேனில் படுத்தபடியே வந்து இறங்கி நேராக அளவெடுக்கிற வரிசைக்குப் போவார்களாம். இதை அண்ணன் மகன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் 172, சிரிக்கலாம்.

எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ், 80 மதிப்பெண்ணுக்கு, 40 சதவீதம் வாங்கினால் போதும், வாங்காவிட்டால் அடுத்த தாளையே திருத்த மாட்டார்கள். முக்கியத் தேர்வு 70 கேள்வி, 45 பொது அறிவு, 25 உளவியல். உளவியல் என்றவுடன் நான் பயங்கர மரியாதையோடு அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வடக்கே ஐந்து கிலோமீட்டர் நடந்து வலப்பக்கம் திரும்பி மூன்று கிலோமீட்டர் போனவன் இப்போது எந்தத் திசையில் நிற்கிறான், எண் தொடரில் அடுத்த எண் எது, இப்படி. செயின் பறிகொடுத்து நடுங்கிக்கொண்டிருக்கிற ஒரு அம்மாவிடம் என்ன கேட்க வேண்டும், எதை அப்போது கேட்கக் கூடாது என்று ஒரு கேள்வி இல்லை. பயிற்சியில் சொல்லித் தருவார்களாயிருக்கும்.

சரி, தெருவுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கொலை கொள்ளை என்று பேப்பரில் வருகிற மாதிரி ஒன்றும் இல்லை. நடப்பதெல்லாம் சில்லறை. பூட்டிய வீட்டில் போர் மோட்டாரின் ஒயரை அறுத்துப் போவார்கள், உள்ளே இருக்கிற செம்புக்காக. வாசலில் நிறுத்திய பைக்கில் பெட்ரோல் இறங்கியிருக்கும், சில நேரம் பைக்கே இருக்காது. சாக்கடை மேல் போட்ட இரும்பு மூடி காணாமல் போகும், அடுத்த நாள் யாராவது அதில் காலை விடுவார்கள். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறும் நெரிசலில் செல்போன். மார்கழியில் கோலம் போடுகிற நேரத்தில் ரெண்டு பேர் பைக்கில் மெதுவாக வந்து அட்ரஸ் கேட்பார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. குனிந்த தலை நிமிர்வதற்குள் தாலிச்சரடு போய்விட்டது, கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும், அதற்கப்புறம் அவர் வாசலில் கோலம் போடுவதே இல்லை, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்.

இந்தச் சில்லறைக்கெல்லாம் புலன் விசாரணைப் புலி தேவையில்லை. இந்த வீடு ரெண்டு வாரமாகப் பூட்டியிருக்கிறது, இந்தப் பழைய இரும்புக் கடையில் ராத்திரியில் எடை போடுகிறார்கள், இந்தப் பையன் இந்தத் தெரு இல்லை என்று தெரிந்த ஒரு ஆள் போதும். முன்பு அப்படி ஒருவர் இருந்தார், ஏட்டய்யா என்றுதான் தெருவே கூப்பிடும். சைக்கிளில் வருவார், ரோந்து வந்ததற்கு அடையாளமாக மூலை வீட்டில் தொங்குகிற பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார், அந்தத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தெருவின் மொத்த நிலவரமும் அவருக்குப் போய்விடும். அவர் ஓய்வு பெற்ற பிறகு பட்டா புத்தகம் ஆணியில் தொங்கியது, பிறகு ஆணி மட்டும்.

ஆள் இல்லை என்பது உண்மைதான், காவலர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கடலூர் மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷன் காவலரின் வருஷத்தைப் பாருங்கள். தைப்பூசத்துக்கு வடலூர், மாசி மகத்துக்குக் கடற்கரை, ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரம் தேர், நடுவில் அமைச்சர் வருகை, கட்சி மாநாடு, ஐப்பசி கார்த்திகையில் புயல் வந்தால் அதற்கு. எல்லாம் பந்தோபஸ்து. மீதி ஆளில் ஒருவர் கோர்ட் டூட்டி, ஒருவர் ஸ்டேஷன் வாசலில் பாரா, ஒருவர் தபால், எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் எழுந்திருக்கவே முடியாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதே 2021-ல்தான் உத்தரவாக வந்தது, அதுவும் ஆள் இருந்தால்தானே கிடைக்கும்.

அப்புறம் எல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவது கஷ்டம். ஆல்பேட்டையில் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி மாநிலம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று அவர்கள் ஸ்டேஷன் எல்லை. அங்கிருந்து மது பாட்டில் கடத்தி வருகிறவர்களைப் பிடிக்க இந்தப் பக்கம் சோதனைச் சாவடிகளில் ராத்திரி பகலாக ஆள் நிற்க வேண்டும். டூவீலர் சீட்டுக்கு அடியில், காய்கறி மூட்டைக்கு நடுவில், இடுப்பில் கட்டிக்கொண்டு என்று அதற்கு முடிவே இல்லை. அங்கே நிற்கிற ஒவ்வொரு காவலரும் ஏதோ ஒரு தெருவில் அந்த நேரத்தில் இல்லாதவர். இந்தப் பக்கம் செயின் அறுத்தவன் பாலம் தாண்டிவிட்டால் அவன் வேறு காவல்துறையின் எல்லையில் இருக்கிறான். அங்கே காவலர் தொப்பியே வேறு, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சிவப்புத் தொப்பி.

பறிகொடுத்தது பாலத்துக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற குழப்பம் வந்தால் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, வழக்குப் பதிந்துவிட்டு அவர்கள்தான் மாற்ற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில் இது எழுத்தாகவே இருக்கிறது. ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். ஸ்டேஷனில் எடுக்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்.

நடைமுறையில் என்ன ஆகும் என்றால் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். முக்கால்வாசிப் பேர் அதையே எப்.ஐ.ஆர். என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அத்தாட்சி, வழக்கு அல்ல. பைக் தொலைந்து இன்சூரன்ஸ் கேட்கப் போனால் எப்.ஐ.ஆர். கேட்பார்கள், அதற்கப்புறம் வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் கொடுக்கிற சான்றிதழும் கேட்பார்கள். எங்கள் வீட்டு ஸ்கூட்டர் போனபோது இந்த ரெண்டாவது தாளுக்காக அலைந்த அலைச்சல் இருக்கிறதே, ஸ்டேஷன் பெயர் வேண்டாம், அந்த ரைட்டர் பாவம் எனக்குப் பதில் சொல்லியே களைத்திருப்பார். செல்போன் என்றால் புகார் ரசீதோடு, தொலைந்த போனை முடக்குவதற்கான அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் பதிந்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கிவிடுங்கள், எவனாவது வேறு சிம் போட்டால் தகவல் போகும். பணம் ஆன்லைன் மோசடியில் போனால் யோசிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

புதிய சட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றங்களின் வரிசையில் அது சேர்ந்துவிடுகிறது, மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். மேலே இருக்கிறவர்களுக்கு இது சின்னத் தொகை. எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற பெரியவரின் பழைய சைக்கிள் எத்தனை ரூபாய் போகும்? ஆயிரத்து ஐந்நூறு. அதில்தான் துணி மூட்டையை வைத்து வீடு வீடாகப் போவார். அது போன பிறகு தோளில் சுமந்துகொண்டு நடக்கிறார். செயின் பறிப்புக்குத் தனிப் பிரிவு கொண்டு வந்திருக்கிறார்கள், பாரதிய நியாய சன்ஹிதா 304, மூன்று வருஷம் வரை சிறை. நல்லது. சைக்கிளுக்கு ஒரு வழி வேண்டாமா?

இனி நான் எழுத வந்த விஷயம். தெருவை அறிந்த ஆள் வேண்டும் என்றேன் அல்லவா, அப்படிப்பட்ட பிள்ளைகள் இந்தத் தேர்வில் எங்கே கழிகிறார்கள் என்று பார்த்தால் ஓட்டத்திலோ உயரத்திலோ மட்டும் இல்லை, கடைசிப் படியில், போலீஸ் வெரிபிகேஷனில்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன். செடல் திருவிழாவில் சாமி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று ரெண்டு கோஷ்டிக்குத் தள்ளுமுள்ளு, கல்லெறி, ஒருவருக்கு மண்டையில் தையல். புகாரில் ஏழெட்டுப் பெயர், 'மற்றும் பலர்'. இவன் பெயர் ஏன் வந்தது என்றால் கரகம் தூக்குகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்கே நின்றிருந்தான், எல்லோருக்கும் அவனைத் தெரியும், அதனால் பெயர் சொல்வது சுலபம். வழக்கு இழுத்து, சாட்சிகள் மாறி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை ஆனது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். பிறகு அவன் எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டி, கடைசியில் சொந்த ஸ்டேஷனிலிருந்து போன அறிக்கையில் மாட்டிக்கொண்டான்.

தமிழ்நாட்டுக் காவல் பணி விதியில் 14(பி) என்று ஒன்று இருக்கிறது. சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம் என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. எனவே 'விடுதலை' என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாகிவிடக் கூடாது, தீர்ப்பில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைவிட மோசம், விண்ணப்பத்தில் வழக்கை மறைப்பது. மறைத்தால் வழக்குக்காக இல்லாவிட்டாலும் மறைத்ததற்காகவே நிராகரிக்கலாம்.

கிரிமினல்களை போலீஸில் சேர்க்கச் சொல்லவில்லை. பெண்ணிடம் வம்பு செய்தவன், கத்தி எடுத்தவன், அடி பிடி என்று ஊரை மிரட்டியவன் யாருக்கும் காக்கி வேண்டாம். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் கூட்டத்தோடு நின்றவனையும் அவனையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அறையில் அடைந்து கிடந்து படித்த பிள்ளைக்கு வழக்கு வராது, வர வாய்ப்பே இல்லை. தெருவில் நிற்கிறவனுக்குத்தான் வரும். எந்தப் பைக் யாருடையது, எந்தக் கடைக்காரன் திருட்டு ஒயர் வாங்குவான் என்று தெரிந்தவனும் அவன்தான். எதிர்வீட்டு அம்மாவின் சரடு போன அன்று முதலில் ஓடி வந்து பைக்கின் கடைசி ரெண்டு எண்ணைச் சரியாகச் சொன்னவன் அந்தப் பையன்தான். இப்போது சிப்காட்டில் ஒப்பந்த வேலை.

தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு விஷயம், இதை ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. "சின்ன கேஸ்தான், கோர்ட்டில் ஃபைன் கட்டிட்டு முடிச்சுக்கோங்க" என்று யாராவது சுலப வழி சொன்னால் கட்டிவிடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை, விடுதலை அல்ல. ஐந்நூறு ரூபாயில் முடிந்தது என்று நினைப்பீர்கள், மாதம் 18,200 அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குகிற வேலை அதில் போயிருக்கும். முதலில் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

புதுச்சேரி மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். அங்கே 2018-ல் அறிவித்த 390 காவலர் இடங்களுக்கான உடல்தகுதித் தேர்வு கோரிமேடு மைதானத்தில் நடந்தது 2022 ஜனவரியில். நடுவில் அத்தனை வருஷமும் அந்தப் பிள்ளைகள் ஓட்டத்தை விட முடியாது, விட்டால் வேகம் போய்விடும், வேறு வேலைக்கும் முழுமனதாகப் போக முடியாது. இங்கே பத்தாம் வகுப்பு போதும், அங்கே பிளஸ் டூ வேண்டும். அண்ணன் மகன் பிளஸ் டூவுக்கு மேலேயே படித்திருக்கிறான், ஆனால் புதுச்சேரி இருப்பிடச் சான்று இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் பிறந்ததற்கு அவன் என்ன செய்வான்.

எங்கள் நகரில் கடைசியாக ஒன்று செய்தோம். புதன்கிழமை எஸ்.பி. அலுவலகத்தில் மனு வாங்குவார்கள், நாங்கள் சிலர், எல்லோரும் பெண்கள், சேர்ந்து போய்க் கொடுத்தோம். புதிதாக ஆள் கேட்கவில்லை, இல்லை என்றுதான் சொல்வார்கள். காலை நாலு மணியிலிருந்து ஆறு வரை, கோலம் போடுகிற நேரத்துக்கு ஒரே ஒரு ரோந்து, மூலை வீட்டில் பட்டா புத்தகம், ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய வீட்டைச் சொல்லிவிட்டுப் போக ஒரு செல்போன் எண். இவ்வளவுதான் கேட்டோம். இதை வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு மணி ரோந்தா அத்தை, நைட் டூட்டி பார்த்தவனையேதான் அனுப்புவாங்க, அவன் தூங்கி வழிவான், அஞ்சுலேர்ந்து ஏழுன்னு போடுங்க, டூட்டி மாறுற ஆள் ஃப்ரெஷ்ஷா வருவான்" என்றான். மார்கழியில் அஞ்சு மணிக்கு எங்கள் தெருவில் பாதிக் கோலம் முடிந்திருக்கும், உனக்கு என்ன தெரியும் என்று நாலு மணியையே எழுதினேன். பட்டா புத்தகம் வந்துவிட்டது. கையெழுத்து வாரத்தில் மூன்று நாள் இருக்கிறது, நேரம் பார்த்தால் எல்லாம் ஐந்தேகால், ஐந்தரை.